இரவில் நீலகிரிக்கு ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ்: விதி என்ன சொல்கிறது?

மலையில் ராத்திரி யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், "பணம் எவ்வளவானாலும் சரி, ஹெலிகாப்டர் வருமா?" என்று கேட்கிறார்கள். இருட்டில் பார்க்கும் கண்ணாடி ராணுவத்தில் இருக்கிறதே, அதை மாட்டிக்கொண்டு வரலாமே என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விகள்தான்.

முதலில் விதி. தரையைக் கண்ணால் பார்த்து ஓட்டும் முறைக்கு விஎஃப்ஆர் என்று பெயர். சூரியன் மறைந்த 20 நிமிடத்திலிருந்து, உதிப்பதற்கு 20 நிமிடம் முன்பு வரை இந்தியாவில் இந்த முறையில் பறக்கக்கூடாது. கட்டுப்பாட்டு அறை விலக்குத் தரும் உள்ளூர்ப் பறத்தலும் பயிற்சியும் மட்டும் தனி. கருவிகளை நம்பி வருவதென்றால், இறங்குமிடத்துக்கு அதற்கென்று வகுத்த பாதை வேண்டும். கோவை விமான நிலையத்துக்கு அது உண்டு. மலை ஹெலிபேடுகள் கண்ணால் பார்த்து இறங்குவதற்கானவை.

இருட்டில் பார்க்கும் அந்தக் கண்ணாடி, நிலவிலும் நட்சத்திரத்திலும் இருந்து வரும் கொஞ்ச வெளிச்சத்தைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. ஆனால் பார்வை சுமார் 40 டிகிரிக்குள் சுருங்கிவிடும், எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சரியாகக் கணிக்க முடியாது. குந்தா, பைக்காரா பக்கம் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகிற உயரழுத்த மின்கம்பிகளை நினைத்துப் பாருங்கள். கோபுரம் தெரியும், கம்பி தெரியாது. கோபுர உச்சியில் சிவப்பு எல்இடி விளக்கு இருந்தாலும், சில வகை எல்இடி வெறும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்து கண்ணாடிக்குள் காணாமல் போகும். இதை 2009-லேயே அமெரிக்க விமானத்துறை விமானிகளுக்கு எச்சரித்திருக்கிறது.

அங்கே ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்கள் இந்தக் கண்ணாடியோடு பறக்கின்றன, ஆனால் கெடுபிடி அதிகம். விமானிக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஆளை ஏற்றிக்கொண்டு போக, முந்தைய 2 மாதத்துக்குள் அந்தக் கண்ணாடியோடு ஓட்டிய அனுபவம் பதிவாகியிருக்க வேண்டும். கண்ணாடியிலிருந்து வெறும் கண்ணுக்கு மாறி மறுபடி கண்ணாடிக்கு வருவதும் அதில் அடக்கம். ஹெலிகாப்டரில் தரையிலிருந்து உயரம் காட்டும் ரேடார் கருவி இருக்க வேண்டும், உள்விளக்குகளும் கண்ணாடியைக் கூசவைக்காதவையாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் இருந்தாலும் மேகத்தை ஊடுருவ இந்தக் கண்ணாடியால் முடியாது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தது பட்டப்பகலில். திடீரென்று வானிலை மாறி மேகத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசை தடுமாறியதே காரணம் என்றது விசாரணை. அடிக்கடி மூட்டத்தில் கிடக்கும் மலையில் இரவுப் பறத்தலுக்கு அவசரப்பட்டு அனுமதி கேட்பது சரியில்லை என்றே நினைக்கிறேன். வானிலைக் கருவிகளும் விளக்கு போட்ட ஹெலிபேடும் முதலில் வரட்டும்.

அதுவரை, நோயாளியை வான்வழி மாற்றுவதானால் டாக்டரிடம் மத்தியானமே பேசி முடிவெடுங்கள். இரவில் 108 தான் வழி. அது 24 மணி நேரமும் இலவசம். ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் வரும். கூடலூர்க்காரர்கள் மைசூரு போவதானால், பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை உள்ள வாகனத் தடை ஆம்புலன்ஸுக்குக் கிடையாது.