அசைவுணரி

மின்னணு இசைக் கலைஞர் மணிக்கட்டைத் திருப்புகிறார், ஒலி மங்குகிறது. கையை வீசுகிறார், தாளம் வெடிக்கிறது. அவர் கையில் கட்டியிருக்கும் 'மோஷன் சென்சார்' என்னும் சிறு கருவிக்குத் தமிழில் அசைவுணரி என்று பெயர்.

'சென்சார்' என்ற சொல்லின் வேர், உணர்தலைக் குறிக்கும் 'சென்டிரே' என்ற லத்தீன் வினை. 'மோஷன்', அசைத்தலைக் குறிக்கும் 'மொவேரே'விலிருந்து வந்தது. தமிழில் 'உணர்' என்ற வினையோடு இகர விகுதி சேர உணரி ஆகிறது. மண்வெட்டியும் ஒலிபெருக்கியும் பிறந்த அதே வழிதான்.

இயக்க உணரி, நகர்வுணரி என்றும் எழுதுகிறார்கள். இயக்கம் என்றால் அமைப்பு, திரைப்பட இயக்கம் என்று பல பொருள் வந்து மோதும். நகர்வு என்பது இடம்விட்டு இடம் பெயர்வது. மணிக்கட்டு நின்ற இடத்திலேயே சாய்ந்தால் அது நகர்வாகாது, அசைவுதான். எனக்கு அசைவுணரி பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. நம் யாப்பில் நேர், நிரை என்னும் ஒலி அலகுகளின் பெயரும் அசைதான். உடலின் அசைவுக்கும் செய்யுளின் ஓசைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில், இந்தக் கருவிக்கு வேறு பெயர் தேடவே தோன்றவில்லை.

கருவிக்குள் பெரும்பாலும் இரண்டு உறுப்புகள் இருக்கும். முடுக்கமானி, வேகம் மாறும் வீதத்தை அளக்கிறது. புவியீர்ப்பையும் அது உணர்வதால் கையின் சாய்வும் தெரிகிறது. கைரோஸ்கோப், சுழலும் வேகத்தைச் சொல்கிறது. இரண்டும் தருபவை வெறும் எண்களே. மின்னணு இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983இல் வந்த 'மிடி' முறையில் அவை வழக்கமாக 0 முதல் 127 வரையிலான மதிப்புகளாகின்றன. எந்த அசைவு எந்த ஒலியை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்வதை 'மேப்பிங்' என்கிறார்கள். 'பொருத்துதல்' என்று தாராளமாகச் சொல்லலாம். இசையமைப்பின் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது.

கருவி புதிது, ஆசை பழையது. ரஷ்யக் கண்டுபிடிப்பாளர் லியோன் தெரமின் 1920 வாக்கிலேயே, தொடாமல் காற்றில் கையசைத்து வாசிக்கும் 'தெரமின்' என்ற இசைக் கருவியை உருவாக்கினார். அதில் உடலில் எதையும் கட்டுவதில்லை. இரண்டு ஆன்டெனாக்களுக்கு அருகே கை வரும்போது மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் திறன் மாறுகிறது, சுருதியும் ஒலியளவும் மாறுகின்றன. கைகளிலேயே உணரிகளைப் பொருத்தும் வழிக்கு, ஆம்ஸ்டர்டாமில் 1984இல் டச்சு இசைக் கலைஞர் மிஷெல் வைஸ்விஸ் மேடையேற்றிய 'தி ஹேண்ட்ஸ்' என்ற கருவி முன்னோடி.

மடிக்கணினிக்குப் பின்னால் கலைஞர் அசையாமல் நிற்கும்போது, ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்பது கேட்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீணையில் விரலையும் மிருதங்கத்தில் உள்ளங்கையையும் பார்த்தபடியே நாம் கேட்கிறோம். அந்தக் காட்சியை மின்னணு இசைக்கு மீட்டுத் தருகிறது அசைவுணரி.