உருவப்பழிப்பு

‘பாடி ஷேமிங்’ என்பதைத் தமிழில் ‘உருவக்கேலி’ என்று எழுதிப் பழகிவிட்டோம். எனக்கு அது பாதிச் சொல்லாகத்தான் படுகிறது. உடம்பின் அளவையோ நிறத்தையோ சுட்டி ஒருவரைக் கூசவைப்பதுதான் ஆங்கிலச் சொல்லின் பொருள். ‘ஷேம்’ என்றால் வெட்கம். சிரிப்பு அதில் கட்டாயமில்லை.

ஹட்டன் பக்கத்து லயமொன்றின் இஸ்தோப்பில் நான் கண்டது இது. கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளை முதல் தீபாவளிக்கு வந்தபோது அத்தை கன்னத்தைத் தடவி, “இப்பதான் ஒடம்பு வச்சி பாக்க நல்லாருக்கு” என்றார். மூன்றாம் தீபாவளிக்கு அதே அத்தை, ரொட்டித் தட்டை நீட்டிக்கொண்டே, “என்னா புள்ள இப்பிடி ஊதிட்ட? யாரு கட்டுவா?” என்றார். கேலியே இல்லை, முழுக்க அக்கறை. பிள்ளை ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டுக் காம்பராவுக்குள் போய்விட்டாள். இரவு எல்லோரும் படுத்தபிறகு அடுப்படியில் பிஸ்கட் பக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்டது.

இதை எப்படிக் கேலி என்பது? பழிப்பு என்றால் சரியாக இருக்கும். நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுவதும் பழிப்பு, குற்றம் சுமத்துவதும் பழிப்பு. இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது.

குற்றம் சுமத்தும் பழக்கம் நம் சொற்களுக்குள்ளேயே கிடக்கிறது. ‘கொழு’ என்றால் செழித்தல், வளமாதல். அதிலிருந்து வந்த ‘கொழுப்பு’ இன்று உடம்பிலுள்ள நெய்ப்பையும் குறிக்கும், திமிரையும் குறிக்கும். “தின்ன கொழுப்பு” என்று ஒருவரை வையும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. வைத்தியச் சொல்லும் தப்பவில்லை: ‘ஒபேசிட்டி’க்கு மூலமான லத்தீன் ‘ஒபேசுஸ்’, உண்ணுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. தின்று பருத்தவர் என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று. பரம்பரை, மருந்து, உட்கார்ந்த வேலை எதற்கும் அதில் இடமில்லை.

‘பருமன்’ அப்படியல்ல. நம் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் ‘விசையின் பருமன்’ என்று படித்தோமே, அதே சொல். வெறும் அளவு. ‘உடற்பருமன்’ என்ற தமிழ், லத்தீனைவிட நியாயமானது.

பழித்தால் மெலிவார்களா? இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 2,944 பேரை நான்கு வருடங்கள் பின்தொடர்ந்து, 2014 இல் வெளியான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வு ஒன்று உண்டு. பருமனுக்காக ஒதுக்கப்பட்டதாகச் சொன்னவர்களின் நிறை சராசரியாக 0.95 கிலோ ஏறியது. மற்றவர்களுடையது 0.71 கிலோ இறங்கியது. பழிப்புத்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பழித்தால் திருந்துவார்கள் என்பவர்களுக்கு இதில் பிடி இல்லை. எனக்கு அந்த பிஸ்கட் பக்கெட்தான் ஞாபகம் வருகிறது.

அதற்காக நிறையைப் பற்றியே வாய் திறக்கக்கூடாது என்றில்லை. கிலோ நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி (BMI). அது 25 ஐத் தாண்டினால் நிறை கூட என்பது பொதுக் கணக்கு. ஆசியருக்கு 23 இலேயே கவனம் வேண்டும் என்றது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு. கிளினிக்கில் மிஸ்ஸி கதவைச் சாத்தி, இடுப்பை நாடாவால் அளந்து, “சீனி ஒருக்கா பாத்துருவமா?” என்று கேட்பது உருவப்பழிப்பு ஆகாது. அதே அளவை வெளியே வாங்கில் காத்திருப்பவர்களுக்குக் கேட்கக் கத்திச் சொன்னால் ஆகும்.