மரப்படகில் ஒட்டிய ஃபைபரை உரிக்கக் கிரைண்டர் வேண்டாம்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக் குட்டையில் பல வருடமாகக் கிடந்த மரப்படகு அது. பன்னிரண்டடி நீளம், தேக்குப் பலகை. யாரோ எப்போதோ அடிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி இழையில் நெய்த ஃபைபர் துணி ஒட்டி, எபாக்ஸி என்கிற இறுகும் பிசினைப் பூசியிருந்தார்கள். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் 'டொக்' என்று ஓட்டைச் சத்தம். கத்தி முனையால் குத்தினால் காப்பி டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. துணி மரத்தை விட்டிருக்கிறது, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டிருக்கிறது. உரித்தே ஆக வேண்டும்.

உதவிக்கு வந்த பையன், சுழலும் தட்டால் தேய்க்கும் கிரைண்டரைத்தான் முதலில் எடுத்தான். "அரை நாள்ல முடிச்சிடலாம்ணா."

முடித்துவிடலாம்தான். ஆரம்ப காலத்தில் சேலத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நானும் அப்படித்தான் தேய்த்தேன். அன்று ராத்திரி கழுத்து, முழங்கை மடிப்பு, லுங்கி கட்டும் இடம் எல்லாம் அரிப்பு. கண்ணாடி இழைத் தூள் தோலில் குத்தி நிற்கும். தேய்க்காமல் பச்சைத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். எனக்கு அது தெரியாது, வெந்நீர் ஊற்றிப் பரபரவென்று தேய்த்தேன். சட்டையை வீட்டுத் துணியோடு ஊறவைத்ததில் மறுநாள் மனைவிக்கும் அரிப்பு.

அரிப்பு இரண்டு நாளில் போனது. எபாக்ஸி ஒவ்வாமை அப்படிப் போகாது. பிசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும், சரியாக இறுகாத பூச்சின் தூளும் தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் ஆரம்பிக்கும். வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும்தான். கையில் ஒட்டிய பிசினைத் தின்னரால் துடைத்தே வரவழைத்துக்கொண்டவன் நான். இப்போது கலப்பதெல்லாம் பையன்தான், நைட்ரைல் கையுறையோடு.

சரி, கிரைண்டர் இல்லாமல் எப்படி? சாதாரணமாக இறுகிய எபாக்ஸி 50 முதல் 70 டிகிரிக்குள் இளக ஆரம்பிக்கும். மரத்தில் பதியாதபடி துணியை மட்டும் நாலு விரல் அகல நாடாக்களாகக் கீறிக்கொள்ளுங்கள். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே, இளகிய ஓரத்தில் பட்டி பிளேடை நுழைத்து, குறடால் மெதுவாக இழுத்தால் அவித்த கிழங்கின் தோல் மாதிரி வரும். புகை கிளம்பினால் சூடு அதிகம், கன்னைத் தள்ளிப் பிடியுங்கள். என்95 முகமூடி தூளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்கான கேட்ரிட்ஜ் வைத்த முகமூடியே வேண்டும். வேலையும் திறந்த வெளியில்தான்.

மேலே பழைய பெயின்ட் இருந்தால் முதலில் அதை ஈரமாக்கிச் சுரண்டி எடுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதனால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதைத் தூளாகப் பறக்கவிடக் கூடாது. மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் ரிமூவரைக் கையில் எடுக்கவே வேண்டாம். அதன் ஆவி உடம்புக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறும்.

எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது. காலைப் பனியில் பலகை சில்லிட்டுக் கிடக்கும், பத்து மணிக்கு முன்னால் ஒரு நாடாகூட அசையாது. துணிக்கு அடியில் இரண்டு பலகை இற்றுப்போய், ஸ்க்ரூடிரைவர் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

புதுப் பூச்சை அங்கே வைத்துக்கொள்ளவில்லை. மூடுபனியில் எபாக்ஸி மேல் மெழுகுப் பிசுக்கு படியும். கழுவாமல் விட்டால் அடுத்த பூச்சு ஒட்டாது. இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிச் சேலத்துக்கே கொண்டுவந்துவிட்டோம். பட்டறை நிழலில் கவிழ்ந்து கிடக்கிறது. "எப்பங்க தண்ணியில விடலாம்?" என்று தோட்டத்துக்காரர் வாரம் ஒருமுறை கூப்பிடுகிறார். ஈரமானி 12 சதவீதம் காட்டட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நேற்றுப் பார்த்தபோது 19.