நேற்று 122, இன்று 159: ரத்தம் எதைக் கணக்கில் வைக்கிறது?

"நேற்று காலை வெறும் வயிற்றில் சுகர் 122, இன்று 159. ராத்திரி சாப்பிட்டதும் அதேதான், மாத்திரையும் தவறவில்லை. எங்கே தப்பு பண்ணினேன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அனேகமாக எங்கேயும் இல்லை. வீட்டு குளுக்கோமீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ தரத்தின்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 முறை உண்மை அளவிலிருந்து 15 சதவீதம் முன்னே பின்னே இருந்தால் போதும், மீட்டர் பாஸ். ஆக, இரண்டு நாளும் உங்கள் ரத்தத்தில் 140தான் இருந்திருந்தாலும் அது ஒரு நாள் 122 என்றும் மறுநாள் 159 என்றும் காட்டலாம். தூக்கம் கெட்டது, சளி பிடித்தது, விடியற்காலையில் கார்டிசோல் என்ற ஹார்மோன் ஏறி கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிட்டது எல்லாம் தனிக் கணக்கு. விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, அப்படியானால் எதை நம்புவது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சிவப்பணு வருகிறது. தசைச் செல்லுக்குள் சர்க்கரை தாராளமாக நுழைய இன்சுலின் வேண்டும், சிவப்பணுவுக்கு வேண்டாம். வெளியே எவ்வளவு குளுக்கோஸோ கிட்டத்தட்ட அவ்வளவு உள்ளேயும் இருக்கும். உள்ளே நிறைந்திருப்பது ஹீமோகுளோபின் என்ற புரதம். அதன் பீட்டா சங்கிலியின் நுனியில் வேலின் என்ற அமினோ அமிலம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. குளுக்கோஸ் மூலக்கூறுகள் பெரும்பாலும் வளையமாகச் சுருண்டே கிடக்கும், எப்போதாவது ஒன்று நிமிர்ந்து நீளும், அந்த நேரம் பார்த்து வேலினில் போய் ஒட்டிக்கொள்ளும். என்சைம் எதுவும் இதில் தலையிடுவதில்லை. ரொட்டி சூட்டில் பழுப்பாவதும் இதே வேதியியலில்தான் தொடங்குகிறது, நம் உடம்பில் 37 டிகிரியில் மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான்.

இதில் அழகு என்னவென்றால், முதலில் ஒட்டும் ஒட்டு தளர்வானது. சுகர் இறங்கினால் பெரும்பாலானவை கழன்று ஓடிவிடும். கழலாமல் தங்கிய சில மட்டும் மெல்ல உருமாறி (அமடோரி மாற்றம் என்பார்கள்) நிரந்தரமாகப் பூட்டிக்கொள்கின்றன. சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, புதுப் புரதம் செய்ய முடியாது, ஆகவே பூட்டியது பூட்டியதுதான், சுமார் 120 நாளில் அது சாகும் வரை. அப்படிச் சர்க்கரை பூட்டிய ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ரத்தச் சோதனைதான் எச்பிஏ1சி, சுருக்கமாக ஏ1சி. ரத்தத்தில் எல்லா வயது அணுக்களும் கலந்திருப்பதால் அந்த எண்ணில் ஏறக்குறைய பாதி கடைசி ஒரு மாதத்தின் பங்கு. சோதனைக்கு மூன்று நாள் முன்பு பட்டினி கிடப்பவர்களை இந்த அணு சட்டை செய்வதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ1சி ஒரு புள்ளி ஏற வேண்டுமென்றால் சராசரி சுகர் சுமார் 29 மி.கி. ஏற வேண்டும். ஒரு விருந்தில் மூன்று மணி நேரம் வழக்கத்தைவிட 100 கூடுதலாக இருந்தது என்று வையுங்கள், அந்த மாதச் சராசரியில் அது அரை மில்லிகிராம்கூடத் தேறாது. ஆனால் தினமும் மூன்று வேளையும் சாப்பிட்டபின் மூன்று மணி நேரம் வெறும் 60 கூடினால் சராசரி 22 ஏறிவிடும், ஏ1சியில் முக்கால் புள்ளி. விருந்துக்கு அழுதுவிட்டு அன்றாடத் தட்டைக் கவனிக்காமல் விடுகிறோம்.

ரொம்ப இறுக்கிப் பிடிப்பதிலும் ஆபத்து உண்டு. இதய நோய் அபாயம் அதிகமுள்ள இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளுக்கு ஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர முயன்ற அக்கார்ட் ஆய்வில், அந்தக் குழுவில் மரணங்கள் கூடியதால் 2008இல் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். இன்று பலருக்கும் 7ஐ ஒட்டிய இலக்கு போதும் என்கிறார்கள், வயதானவர்களுக்கு அதைவிடத் தளர்வு.

ஏ1சியைக் கண்டுபிடித்த கதையையும் சொல்லியாக வேண்டும். 1960களின் பிற்பகுதியில் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற ஆய்வாளர் விதவிதமான ஹீமோகுளோபின்களைத் தேடிக்கொண்டிருந்தார், சர்க்கரை நோய்க்குப் பரிசோதனை தேடிப் போகவில்லை. நோயாளிகள் சிலரின் ரத்த மாதிரியில் ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்தபோது விசித்திரமாக ஒரு பட்டை தெரிந்தது, அவர்களுக்குப் பொதுவாக இருந்தது நீரிழிவு. 1976இல்தான் அந்த விசித்திர ஹீமோகுளோபின் சர்க்கரைக் கட்டுப்பாட்டின் அளவுகோலாகலாம் என்று காட்டினார்கள். "இதனால் என்ன பயன்" என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதிக் குழுக்கள் இதைப் படிக்க வேண்டும். சர்க்கரையை வேரோடு அறுக்கும் பொடி விற்பவர்களிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பது வேறு வயிற்றெரிச்சல்.

அப்புறம், ஏ1சி வெறும் சராசரி. 50க்கும் 250க்கும் ஊசலாடுபவருக்கும் அது நல்ல எண்ணைக் காட்டிவிடும். மீட்டரில் 70க்குக் கீழே இறங்கினால் நிதானமெல்லாம் பேசக்கூடாது, உடனே சர்க்கரை எடுத்துக்கொள்ள வேண்டும். இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணுக்கள் வயதானவையாகவே சுற்றுவதால் ஏ1சி பொய்யாக ஏறும், ரத்தம் இழந்தவர்களுக்கும் அணுக்கள் சீக்கிரம் சிதைபவர்களுக்கும் பொய்யாக இறங்கும். உங்கள் மீட்டரும் ஏ1சியும் ஒத்தே போகவில்லை என்றால் ஃப்ரக்டோசமைன் சோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது ரத்தப் புரதங்களில் பூட்டிய சர்க்கரையைப் பார்க்கிறது, இரண்டு மூன்று வாரக் கணக்குதான் சொல்லும்.