வந்தவர்களை எண்ணுகிறோம், நின்றுபோனவர்களை?

மாதக் கடைசியில் நாங்கள் மேலே அனுப்பும் அறிக்கையில் புதிதாக வந்தவர்கள் எத்தனை, பழையவர்கள் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஓ.பி. நோட்டைப் பார்த்தால் கால் மணி நேரத்தில் நிரப்பிவிடலாம். போன மாதம் வந்து இந்த மாதம் வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக வேலை பார்ப்பவன் நான். என்னைக் கேட்டால், ஒரு மனநலப் பிரிவின் தரத்தை அந்த ஒரு கணக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

காரணம் இந்த நோய்களின் போக்கு. மனச்சோர்வுக்கான மாத்திரை பிடிக்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். அதற்குள் வாய் உலரும், வயிறு பிரட்டும். பலன் தெரிவதற்கு முன்னாலேயே பக்கவிளைவு வந்து நிற்பதால் பலர் அங்கேயே வெறுத்துப்போகிறார்கள். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயில் இதற்கு நேர்மாறு. மருந்தை நிறுத்திய மறுநாளே ஒன்றும் ஆகாது. சில வாரம், சில சமயம் சில மாதம்கூட நன்றாகவே போகும். “மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கான்” என்று வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். திரும்ப வரும்போது முன்னைவிடக் கடுமையாகவும் வரலாம்.

புதுவயல் பக்கம் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ஒரு பையன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). ரிஸ்பெரிடோன் என்ற மனச்சிதைவு மாத்திரையில் நன்றாகத் தேறி வேலைக்கே போக ஆரம்பித்திருந்தான். ரிஸ்பெரிடோன் சிலருக்குக் கை நடுக்கத்தையும் உடல் இறுக்கத்தையும் கொடுக்கும். அதைத் தணிக்க ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்று ஒரு சின்ன மாத்திரை சேர்த்துத் தருவோம். ஒரு மாதம் மருந்து கொடுக்கும் ஜன்னலில் அந்தச் சின்ன மாத்திரை மட்டும் இல்லை. “அடுத்த மாசம் வந்துரும்” என்று சொல்லி மற்றதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளியில் வாங்கினாலும் பெரிய காசில்லை. ஆனால் எந்த மாத்திரை எதற்கு என்று யாரும் சொல்லாதபோது எதை வாங்குவது? பத்து நாளில் அவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, நடையும் விறைத்தது. மூட்டை சரிந்ததும் கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். “இந்த மாத்திரையாலதான் எல்லாம்” என்று மொத்தத்தையும் நிறுத்திவிட்டான். அவன் நினைத்ததிலும் பாதி உண்மைதானே.

சில மாதம் கழித்து அவன் அம்மா தனியாக வந்தார். கோடாங்கியிடம் போய், கயிறு கட்டி, கையில் இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டு வந்திருந்தார். அந்த இடைவெளியில் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு போன்கூடப் போகவில்லை. அட்டையில் அவர்கள் நம்பர் இருந்தது. போன் செய்வது யார் வேலை என்றுதான் எங்கும் எழுதியிருக்கவில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எல்லா நேரமும், இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று அதன் 18-வது பிரிவு சொல்கிறது. எல்லா நேரமும் என்றால் ஸ்டாக் வராத மாதத்துக்கும் சேர்த்துத்தான். “மருந்து இல்லை” என்று சொன்னால் எந்த மருந்து, எப்போது வரும் என்று அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம், எழுதச் சொன்னாலே போதும். பெரும்பாலும் எங்கிருந்தாவது வந்துவிடும்.

அப்புறம் மாத்திரையின் நிறம். கம்பெனி மாறினால் நிறமும் அளவும் மாறும், உள்ளே மருந்து அதேதான். படிக்கத் தெரியாதவர்கள் நிறத்தை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். “வெள்ளை மாத்திரையக் காணோம் சார், இந்த மஞ்சளு வேற யாருக்கோ உள்ளது” என்று அப்படியே உறையோடு திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. கொண்டுவந்தவர்கள் பரவாயில்லை. அடுப்படி டப்பாவில் போட்டு மூடிவிட்டு நின்றுபோனவர்கள்தான் அதிகம்.

சிகிச்சை எட்டவில்லை என்றாலே எல்லோரும் தூரத்தைத்தான் சொல்கிறார்கள். தூரம் உண்மைதான். கிராமத்திலிருந்து ஊர் பஸ் பிடித்து, மாறி ஏறி, டோக்கன் போட்டு, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கித் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். துணைக்கு வருபவருக்கும் சேர்த்து இரண்டு நாள் கூலி. நிலையாக இருப்பவருக்குக்கூடப் பதினைந்து நாள் மருந்து மட்டும் கொடுத்து அலைய விடுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

ஆனால் செட்டிநாட்டில் மருத்துவமனை பக்கத்தில் இருப்பதும் தடைதான். ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெண் பார்க்க வரும் நேரத்தில் இன்னார் வீட்டுப் பையன் மனநலப் பிரிவு வரிசையில் நின்றான் என்ற பேச்சு போதும். வசதி உள்ளவர்கள் மதுரைக்கோ திருச்சிக்கோ காரில் போய்விடுகிறார்கள், வசதியில்லாதவர்கள் போவதே இல்லை. மனநலத்துக்கென்று தனிக் கட்டடம், பெரிய போர்டு என்று திறப்பதை நான் அவ்வளவாக ஆதரிக்காததற்கு இதுதான் காரணம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உட்காரும் அதே பெஞ்சில் உட்காரட்டும். உள்ளே அறைக் கதவு மட்டும் சாத்தியிருக்க வேண்டும். இப்போது பல இடங்களில் போர்டு பெரிதாக இருக்கிறது, கதவு திறந்தே கிடக்கிறது.

இன்னொரு கூட்டம் எங்கள் கணக்கில் வருவதே இல்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். இரவில் வீடியோ காலில் ஐந்து நிமிடம் சிரித்துப் பேசுவார், “சாப்பிட்டேன்ப்பா” என்பார். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்பது வாசல் தெளிக்க வரும் பெண்ணுக்குத்தான் தெரியும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும், பெட்டிச் சாவியை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டாலும், “வயசாச்சுல்ல” என்று விட்டுவிடுகிறார்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். தைராய்டு குறைவு, பி12 குறைவு என்று சாதாரண ரத்தப் பரிசோதனையில் பிடிபடுகிற காரணமாகக்கூட இருக்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே போகிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண் பணியாளர், “ரெண்டு வாரமா மனசு சோர்ந்து கிடக்கா? முன்ன மாதிரி எதிலயும் ஆர்வம் இல்லையா?” என்று இரண்டே கேள்வி கேட்டால் போதும். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் முதல் கேள்விகளே இவைதாம். ஆமாம் என்று பதில் வந்தால் அந்தப் பெயர் எங்களுக்கு வர வேண்டும். சிகிச்சையை விட்டவர்களின் பட்டியலும் எங்களிடமிருந்து அவர் கைக்குப் போக வேண்டும். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய திட்டமும் வேண்டாம். ஆனால் அவருக்குப் பயிற்சியும் கூடுதல் ஊதியமும் கொடுக்காமல் வேலையை மட்டும் ஏற்றினால் அதுவும் இன்னொரு கட்டத்தை நிரப்புவதாகத்தான் முடியும்.

2015–16 தேசிய மனநல ஆய்வு, மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை என்றது. சிகிச்சை கிடைக்காதவர்களும் விட்டவர்களும் எங்கே போவார்கள் என்பதற்கு நம் பக்கத்து மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலை, ஏர்வாடி தர்கா பக்கம் மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் கொடுமைக்காரர்கள் என்று பேசுவது சுலபம். அவர்களுக்கு ஊரில் வேறு வாசல் எது திறந்திருந்தது? இன்று சங்கிலியால் கட்டுவது 2017 சட்டத்தின் 95-வது பிரிவுப்படி எந்த வடிவிலும் கூடாது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நான் தடுப்பதில்லை. மாத்திரையையும் பையில் எடுத்துப் போங்கள் என்று மட்டும் சொல்வேன்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. அம்மாவின் மருந்து அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே உள்ளூரில் யார் போய் வாங்குவது என்று ஒருவரை முடிவு செய்யுங்கள். அவர் நம்பரையும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பேச்சில் சாவு, வாழ்ந்து என்ன என்பது மாதிரி ஏதாவது வந்தால் அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் உடனே ஆளை அனுப்புங்கள், பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே அழைத்துப் போகலாம். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.