பவுச்சைட்டிஸ் என்னும் குடற்பை அழற்சி

பெருங்குடல் புண் அழற்சி மருந்துக்கு அடங்காமல் போனால், பெருங்குடலையும் மலக்குடலையும் அறுவை செய்து எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் மலம் தங்க ஓர் இடம் வேண்டுமே? சிறுகுடலின் கடைசிப் பகுதியை ஆங்கில ஜே எழுத்து வடிவில் மடித்து, இரு மடிப்புகளையும் ஒரே பையாகத் தைத்து, ஆசனவாயோடு இணைத்துவிடுவார்கள். லண்டனில் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்ற மருத்துவர்கள் 1978-இல் வெளியிட்ட முறை இதற்கு முன்னோடி. இந்தப் பையில் வரும் அழற்சியே பவுச்சைட்டிஸ்.

'பவுச்' பிரெஞ்சு வழி ஆங்கிலத்துக்கு வந்தது. பை என்று பொருள். 'ஐட்டிஸ்' கிரேக்க விகுதி. முதலில் 'அதைச் சார்ந்தது' என்று மட்டுமே பொருள் தந்து, பின்னர் மருத்துவத்தில் அழற்சிக்கு அடையாளமானது. நம் 'அழற்சி'யோ தீயைக் குறிக்கும் 'அழல்' உள்ள சொல். சூடும் எரிச்சலும் சொல்லிலேயே தெரிகின்றன. வெறும் 'பையழற்சி' போதாது. பித்தப்பை, சிறுநீர்ப்பை, இரைப்பை எல்லாமே பைகள்தான். 'குடற்பை அழற்சி' என்பதே குழப்பமில்லாத சொல்.

பரம்பரையாகக் குடலில் கட்டிகள் வருவோருக்கும் இதே பையை அமைக்கிறார்கள். அவர்களுக்கு இந்த அழற்சி அரிது. ஆகவே தையல் மட்டும் காரணமில்லை. பையில் மலம் தேங்கும்போது மாறும் நுண்ணுயிர்களோடு, பழைய நோயின் எதிர்ப்பாற்றல் கோளாறும் சேர்ந்துகொள்கிறது.

மலம் போக வேண்டிய தடவை திடீரென்று கூடும், அடக்க முடியாத அவசரம், வயிற்றுப் பிடிப்பு வரும். சிப்ரோஃபிளாக்சசின் அல்லது மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை (பாக்டீரியா கொல்லி மருந்தை) சுமார் 2 வாரம் எடுத்தால் பெரும்பாலும் தணியும். சிக்கல், அது திரும்பி வருவதில்தான். நோய் வருமுன்பே ஆன்டிபயாடிக்கைத் தடுப்பாக விழுங்குவது பரிந்துரைக்கப்படுவதில்லை. அடிக்கடி திரும்புவோருக்குப் பல வகை நன்மைப் பாக்டீரியா கலந்த புரோபயாட்டிக்கை மருத்துவர் தரலாம். ஆனால் அதற்கான சான்று வலுவானதல்ல. மருந்தை நிறுத்தியதும் மீண்டும் மீண்டும் வந்தால் எதிர்ப்பாற்றல் கோளாறைத் தணிக்கும் வெடோலிசுமாப் போன்ற மருந்துகள் உண்டு. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: தொந்தரவு வந்ததும் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்காதீர்கள். இணைப்பு சுருங்கியிருக்கலாம், வேறு தொற்று இருக்கலாம். பைக்குக் கீழே எடுக்கப்படாமல் மிஞ்சிய சிறு மலக்குடல் விளிம்பு புண்ணானால் அது 'கஃபைட்டிஸ்', அதாவது விளிம்பு அழற்சி. அதற்கு மருந்தே வேறு. எது என்று உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.