யார் என்று தெரியும், எப்போது என்றுதான் தெரியாது

போன வாரம் ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். 34 வயது, பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். கூடவே அவருடைய அம்மா. மகள் துப்பட்டாவைக் கழுத்தோடு இறுக்கிச் சுற்றியிருந்தார். திருநெல்வேலி வெயிலில் யாரும் அப்படிச் சுற்றுவதில்லை. கைப்பையைத் திறந்தார். ஏதாவது காகிதம் எடுப்பார் என்று பார்த்தால், ஒரு நாவலை எடுத்து மேஜையில் வைத்தார். அவர் போகிற கிறிஸ்தவ சபையில் ஒரு அக்கா கொடுத்தாராம். "இதைப் படிச்சு முடி. அப்புறமும் வக்கீலைப் பார்க்கணும்னு தோணிச்சுன்னா போ" என்றாராம்.

அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாவல் விஷயத்தை மாற்றவில்லை. கணவனின் அடி தாங்காமல் வக்கீலான என்னைத் தேடி வரும் பெண்கள் வழியாக இந்த வருஷத்தில் என் மேஜைக்கு வந்த மூன்றாவது நாவல் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

புத்தகத்தின் பெயர் வேண்டாம். இந்த வகையில் ஒன்றைப் படித்தவருக்கு மற்றதும் தெரியும். நல்ல குடும்பம், ஞாயிறு தவறாத ஆராதனை, கணவன் மனைவிக்குள் ஏதோ மனஸ்தாபம். ஒருநாள் பெயரில்லாமல் ஒரு கடிதம் வரும். யாரோ வீட்டை நோட்டமிடுவான். கார் பிரேக் பிடிக்காது. பிள்ளை காணாமல் போகும். மனைவி முழங்காலில் நின்று ஜெபிப்பாள். அதுவரை சிடுசிடுவென்று இருந்த கணவன் மனந்திரும்பி, கடைசி அத்தியாயத்தில் தன் உயிரைப் பணயம் வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுவான். அமெரிக்காவில் இதற்குப் பெரிய வாசகர் கூட்டமே உண்டு. அங்கே கிறிஸ்தவ நாவல்களுக்குக் கொடுக்கிற கிறிஸ்டி விருதில் மர்மம், சஸ்பென்ஸ் கதைகளுக்கென்று ஒரு பிரிவே இருக்கிறது.

நானும் படிப்பேன். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் இப்படி ஒன்று கையில் இருக்கும், செங்கல்பட்டு வருவதற்குள் முடித்துவிடுவேன். கதையோடு எனக்குச் சண்டை இல்லை. அதைக் குடும்பம் நடத்தும் கையேடாகத் தூக்கிக் கொடுக்கிறவர்களோடுதான் சண்டை. நாவலில் ஆபத்து சுவரேறிக் குதித்து வருகிறது. என்னிடம் வருகிற வீடுகளில் ஆபத்திடம் வீட்டுச் சாவி இருக்கிறது. நாவல் படிப்பவருக்கு 'யார்' என்று தெரியாது, அதற்காகத்தான் பக்கத்தைப் புரட்டுகிறோம். என் கட்சிக்காரர்களுக்கு யார் என்று தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. சாயங்காலம் பைக் சத்தம் கேட்டதும், அது நிற்கிற விதத்தை வைத்தே இன்றைக்கு என்ன நடக்கும் என்று கணிக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணிப்பு தப்புவதே இல்லை.

அந்தப் பெண்ணிடம் கழுத்தில் என்ன என்று கேட்டேன். "லேசா பிடிச்சார், அவ்வளவுதான்." குரல் கம்மியிருந்தது. எச்சில் விழுங்கும்போது முகம் சுருங்கியது. மனு கினு எல்லாம் அப்புறம், முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஜூனியரோடு அனுப்பினேன். கழுத்தை நெரிப்பது இன்னொரு வகை அடி கிடையாது. வெளியே தடம் தெரியாமல் உள்ளே வீங்கலாம், நிலைமை சில மணி நேரம் கழித்துக்கூட மோசமாகலாம். ஒருதரம் கழுத்தில் கை வைத்தவனால் அந்தப் பெண் பின்னாளில் கொலையாகும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று இந்தத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். "லேசா" என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஆஸ்பத்திரி என்றதும் இன்னொன்று. டாக்டர் கேட்டால் யார் அடித்தார் என்று சொல்லுங்கள். "மாடிப்படியில் வழுக்கிட்டேன்" என்று சொன்னால் ஏ.ஆர். காப்பியிலும் (ஆஸ்பத்திரியின் காயப் பதிவேட்டு நகல்) அதுதான் ஏறும். ஆறு மாதம் கழித்து எதிர்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைக் காட்டி உங்களைக் கூண்டில் வைத்துக் குடைவார். அது அவருடைய வேலை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

சரி, எனக்கு அதிகமாக எரிச்சல் மூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்த அம்மா கேட்டார்: "மேடம், மனுப் போட்டா டைவர்ஸ்தானே? எங்க சபையில அதெல்லாம் கிடையாதே." இதே கேள்வியை எத்தனை அம்மாக்களிடமிருந்து கேட்டேன் என்று கணக்கு வைப்பதை விட்டுவிட்டேன்.

இல்லை அம்மா. டைவர்ஸ் இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எல்லா மதத்தினருக்கும் பொது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இந்தச் சட்டத்தில் போடுகிற மனு கல்யாணத்தைத் தொடுவதே இல்லை. "அடிக்காதே, மிரட்டாதே, பள்ளிக்கூட வாசலில் போய் நிற்காதே" என்று கோர்ட் கணவருக்கு உத்தரவு போடும். அதற்குப் பெயர் பாதுகாப்பு உத்தரவு. மனைவியை வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது என்று சொல்லும், தேவைப்பட்டால் அவரையே வெளியே போகச் சொல்லும். செலவுக்குப் பணம் கொடுக்கச் சொல்லும். பிள்ளைகள் தற்காலிகமாக யாரிடம் இருக்க வேண்டும் என்று சொல்லும். இத்தனைக்குப் பிறகும் நீங்கள் அவருடைய மனைவிதான், மோதிரமும் தாலியும் அப்படியேதான் இருக்கும். மாஜிஸ்திரேட்டுக்கு விவாகரத்து கொடுக்க அதிகாரமே கிடையாது. கிறிஸ்தவர்களுக்கு அதற்குத் தனிச் சட்டம் (1869), தனிக் கோர்ட், தனி மனு. நீங்களாகப் போய்க் கேட்டால் ஒழிய யாரும் அதைத் தரமாட்டார்கள். வேதாகமத்து வார்த்தையில் சொன்னால், பாதுகாப்பு உத்தரவு தள்ளுதற்சீட்டு (விவாகரத்துச் சீட்டு) அல்ல. இதைப் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் மாட்டலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

வீடு மாமனார் பேரில் இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. 2020-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. மருமகளாக நீங்கள் வாழ்ந்த குடும்ப வீடு உறவினர் பேரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம்.

60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. வாய்தா மேல் வாய்தா விழும் என்பது என் அனுபவம். ஆனாலும் அவசரம் என்று காட்டினால் எதிர்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு வாங்கலாம், வாங்கியிருக்கிறேன். அந்த உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவரிடமும் நேராகப் போகலாம். வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து யாரும் வீட்டில் உட்கார வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ஆசிரியைக்கும் உண்டு.

அடுத்தது மன்னிப்பு. சட்டப் புத்தகத்தில் இல்லாத பிரச்சினை, ஆனால் என் கட்சிக்காரர்களில் பாதிப் பேரைத் திரும்ப அந்த வீட்டுக்கே கொண்டுபோய்விடுவது இதுதான். "அவர் அழுதார் மேடம். முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டார். மன்னிக்கலேன்னா நான் என்ன விசுவாசி?"

நான் சண்டே ஸ்கூலில் படித்தவள், எங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்ததையே சொல்கிறேன். தாவீதைக் கொல்லப் பார்த்தது யார்? சொந்த மாமனார், சவுல் ராஜா. ஈட்டி எறிந்தது எங்கே? வீட்டுக்குள், தாவீது சுரமண்டலம் வாசித்துக்கொண்டிருக்கும்போது. அப்போது அவனுடைய மனைவி மீகாள் "பொறுமையாக இருங்கள், அப்பா மாறுவார்" என்று சொல்லவில்லை. ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள். அதற்குப் பிறகு சவுல் இரண்டு தரம் கையில் சிக்கினான், இரண்டு தரமும் தாவீது விட்டுவிட்டான். அதைவிடப் பெரிய மன்னிப்பு என்ன இருக்கிறது? சவுலும் சத்தமிட்டு அழுதான். நான் பாவம் செய்தேன், என் மகனே திரும்பி வா என்று கூப்பிட்டான். தாவீது போனானா? எடுத்த ஈட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போய்விட்டான். 1 சாமுவேல் 24, 26 அதிகாரங்கள், வீட்டில் வேதாகமம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தாவீது மன்னித்தான், ஆனால் சவுலின் ஈட்டி எட்டும் தூரத்தில் போய்ச் சாப்பிட உட்காரவில்லை.

கத்தோலிக்கச் சகோதரிகளுக்கு: உங்கள் திருச்சபைச் சட்டத்தின் 1153-ஆம் பிரிவை யாரும் உங்களுக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். துணைவரால் உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ மனதளவிலோ பெரும் ஆபத்து என்றால் பிரிந்து வாழ அது நியாயமான காரணம். தாமதித்தால் ஆபத்து என்றால் ஆயரின் ஆணைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். திருச்சபையே இவ்வளவு சொல்லும்போது, பக்கத்து வீட்டு அக்கா ஏன் அதைவிடக் கண்டிப்பாக இருக்கிறார் என்பது எனக்குப் புரிவதே இல்லை.

போதகர்களுக்கும் குருவானவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோபமாக அல்ல, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். இரண்டு பேரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்து "மனம்விட்டுப் பேசுங்கள்" என்று சொல்லாதீர்கள். அவர் முன்னால் அவள் உண்மையைப் பேச முடியாது. பேசினாலும் அதற்கான விலையை அன்றைக்கு ராத்திரி கொடுப்பாள். இந்தச் சட்டத்துக்கான 2006-ஆம் வருஷத்து விதிகளில் ஆலோசனை பற்றி ஒரு நல்ல வரி இருக்கிறது: அடித்ததற்கு நியாயம் கற்பிக்க எதிர்மனுதாரரை அனுமதிக்கவே கூடாது. உங்கள் அறையில் நடக்கிற பேச்சில் பாதி நேரம் "அவளும் வாய் பேசினாள்" என்பதற்குத்தானே போகிறது? அவள் தனியாக வந்து சொன்னதை அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். அவள் வேறெங்காவது போயிருந்தால், எங்கே என்று அவரிடம் காட்டிக்கொடுக்காதீர்கள். ஜெபியுங்கள், தாராளமாக. அவள் போகிற ஆட்டோவில் சபையிலிருந்து ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்பிவிட்டு ஜெபியுங்கள்.

வீட்டைவிட்டுக் கிளம்புகிற நாளும் அதற்குப் பிறகு வரும் சில வாரங்களும்தான் அதிக ஆபத்து. அதனால் சண்டை நடுவில் "நான் போறேன்" என்று சவால் விடாதீர்கள். சொல்லாமல் போங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக், மாத்திரை, கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் முன்கூட்டியே அம்மா வீட்டில் அல்லாமல் (அவர் முதலில் தேடுவது அங்கேதான்) நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். திருமணப் பதிவேட்டின் நகலை இப்போதே ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கிவையுங்கள். பிரச்சினை வெடித்த பிறகு சபை அலுவலகத்தில் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) இல்லாமல் திரும்பாதீர்கள். "பேசி அனுப்பிட்டோம்" என்பது ரசீது ஆகாது.

அப்புறம் போன். நாவலில் வேவு பார்க்க ஒருவன் மரத்தடியில் நிற்க வேண்டியிருக்கிறது. இங்கே அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. உங்கள் ஜிமெயிலை உருவாக்கியதே அவர், பாஸ்வேர்டும் அவருடையது. வாட்ஸ்அப்பில் வேறெங்காவது உங்கள் கணக்கு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். லொகேஷன் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் அணைத்துவிடாதீர்கள். அணைத்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். கிளம்புகிற நாளன்று அந்த போனை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வது நல்லது.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019-21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்குச் சுமார் 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுக்க, வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டவர்கள் 14 சதவீதம். அப்படியென்றால் நீங்கள் ஆராதனைக்கு உட்காருகிற பெஞ்சிலேயே ஒருத்தி இருக்கலாம், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். அவளிடம் நாவல் கொடுக்காதீர்கள். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் 181 என்ற எண்ணைக் கொடுங்கள். பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். உயிர் போகிற அவசரத்துக்கு 112, பிள்ளைகளுக்கு 1098, சட்ட உதவிக்கு 15100.

யாரோ ஒருத்தி இப்போதே உங்கள் நினைவுக்கு வந்திருந்தால், தயவுசெய்து இந்தப் பதிவை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அந்த போனை அவரும் பார்ப்பார். அவர் வேலைக்குப் போன பிறகு நேரில் போங்கள்.